உங்கள் தெருவில் ஓட்டிப் பாருங்கள்: குட்டி எஸ்யூவி கேள்வி பதில்

நான்கு மீட்டர் நீளத்துக்குள் அடங்கும் குடும்ப எஸ்யூவிகளை டெஸ்ட் டிரைவ் செய்வது, ஒன்றோடு ஒன்று ஒப்பிடுவது பற்றி வாசகர்கள் அனுப்பிய கேள்விகளுக்கு இந்த இதழில் பதில்கள்.

நெக்ஸான், பிரெஸ்ஸா, எக்ஸ்யூவி 3எக்ஸ்ஓ, கைலாக் என்று நான்கு வண்டியில் வந்து நிற்கிறோம். ஷோரூமில் பைபாஸில் ஐந்து கிலோமீட்டர் ஓட்டக் கொடுத்தார்கள். நான்குமே நன்றாகத்தான் இருந்தன. எதை வைத்து முடிவு செய்வது? – வாசகர், மதுரை

நல்ல ரோட்டில், காலி வண்டியில், பாட்டு ஓடிக்கொண்டிருக்க ஐந்து கிலோமீட்டர் போனால் எந்த வண்டியும் நன்றாகத்தான் இருக்கும். அதற்காகத்தான் அந்த ரூட்டைத் தேர்ந்தெடுத்து வைத்திருக்கிறார்கள். வண்டியை வீட்டுக்கு வரவழைத்து, நீங்கள் தினமும் போகும் வழியில் ஓட்டுங்கள். கேட்டால் பெரும்பாலும் அனுப்புவார்கள். ஒரிஜினல் லைசென்ஸ் கையில் இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

ஓட்டுவதற்கு முன் இரண்டைப் பாருங்கள். முதலாவது, வந்திருப்பது நீங்கள் வாங்கப்போகும் வேரியன்ட்தானா? டெமோ வண்டி பெரும்பாலும் டாப் எண்டாக இருக்கும். உங்கள் பட்ஜெட் நடு வேரியன்ட் என்றால் டயர் முதற்கொண்டு மாறும். 205/55 ஆர்17 டயரின் பக்கச் சுவர் உயரம் 113 மி.மீ.; 215/60 ஆர்16 டயரில் அது 129 மி.மீ. பள்ளத்தில் விழும்போது இந்த 16 மி.மீ. ரப்பர் முதுகுக்குத் தெரியும். இரண்டாவது, டயர் பிரஷர். டிரைவர் கதவைத் திறந்தால் தூணில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரில் எவ்வளவு பிஎஸ்ஐ என்று போட்டிருப்பார்கள். யார்டிலிருந்து வந்தபடியே 40 பிஎஸ்ஐ காற்றோடு நிற்கும் டெமோ வண்டிகள் உண்டு. 33 இருக்க வேண்டிய டயரில் 40 இருந்தால் ஸ்பீட் பிரேக்கரெல்லாம் கல்லில் ஏறுவதுபோல இருக்கும், நீங்களும் சஸ்பென்ஷன் சரியில்லை என்று ஒரு நல்ல வண்டியைத் தள்ளிவிடுவீர்கள். போகிற வழியில் பங்கில் நிறுத்தி நான்கு டயரையும் செக் செய்துகொண்டு கிளம்புங்கள்.

பாட்டை அணைக்கச் சொல்லுங்கள். ஏசி ஃபேனை ஒன்றில் வையுங்கள். உங்களோடு வீட்டில் இன்னும் மூன்று பேர் ஏறட்டும். ஒட்டுப் போட்ட தெரு ரோட்டில் 30-40 வேகத்தில் போய், பிறகு அதே வண்டியைப் பைபாஸில் 80-க்குக் கொண்டுபோங்கள். இரண்டும் வேறு வேறு பரீட்சை. இறுக்கமான சஸ்பென்ஷன் உள்ள வண்டி 80-ல் ரயில்போல நிற்கும், தெருப் பள்ளத்தில் ‘டம்’ என்று அடிக்கும். மெத்தென்று இருப்பது தெருவில் சுகமாக இருக்கும், மேம்பாலத்தின் இணைப்புப் பட்டைகளில் ஏறி இறங்கியபின் இரண்டு முறை ஆடும். எது உங்களுக்குத் தாங்கும் என்று டிரைவர் சீட்டில் இருப்பவர் சொல்லக் கூடாது, பின்சீட்டில் இருப்பவர் சொல்ல வேண்டும். சக்கரத்துக்கு மேலே அடி வாங்குவது அவர்தான்.

மாசி வீதிப் பக்கம் வண்டி எடுத்துப் போகிறவர் என்றால் அகலத்தையும் கணக்கில் எடுங்கள். நீளம் நான்குக்கும் 3,990-லிருந்து 3,995 மி.மீ. தான். அகலம்தான் வேறு: கைலாக் 1,783, பிரெஸ்ஸா 1,790, நெக்ஸான் 1,804, 3எக்ஸ்ஓ 1,821 மி.மீ. இதில் பக்கக் கண்ணாடிகள் சேராது. உங்கள் போர்ட்டிகோ எட்டடி அகலம் என்று வைத்துக்கொள்ளுங்கள், அது 2,438 மி.மீ. 3எக்ஸ்ஓவை நடுவில் நிறுத்தினால் பக்கத்துக்கு 30 சென்டிமீட்டர்தான் மிஞ்சும், கதவைத் திறந்து ஓர் ஆள் இறங்க முடியாது. சுவரை ஒட்டி நிறுத்தி ஒரு பக்கமாக இறங்குவதா, வாசலிலேயே எல்லோரையும் இறக்கிவிட்டு உள்ளே விடுவதா என்பதை டெஸ்ட் டிரைவ் அன்றே நிறுத்திப் பார்த்துத் தெரிந்துகொள்ளுங்கள். ஷோரூம் பேப்பர் இதைச் சொல்லாது.

நான்கையும் ஒரே நாளில், முடியாவிட்டால் அடுத்தடுத்த நாட்களில், அதே வழியில் ஓட்டுங்கள். இறங்கியதும் காருக்கு வெளியே நின்றே மூன்று குறையைப் போனில் எழுதிக்கொள்ளுங்கள். நிறையை எழுத வேண்டாம், அதை விற்பவர் எழுதிக் கொடுப்பார். ஒரு வாரம் இடைவெளி விட்டு ஓட்டினால் முதல் வண்டியின் கிளட்ச் எப்படி இருந்தது என்றே மறந்துவிடும்.

அம்மாவுக்கு இரண்டு முழங்காலிலும் வலி. மூன்று வயதில் குழந்தை. பின்சீட்டில் எதையெல்லாம் பார்க்க வேண்டும்? – வாசகி, திருப்பூர்

ஒரு டேப்பும், குழந்தை சீட்டும், அம்மாவும் உங்களோடு வர வேண்டும். அம்மா வராமல் முடிவு செய்யாதீர்கள்.

உயரமான வண்டி என்றாலே முழங்காலுக்கு நல்லது என்பது பாதிதான் சரி. தரையிலிருந்து சீட் மேல்பக்கம் வரை அளவெடுங்கள். நின்றபடி லேசாகச் சாய்ந்தால் இடுப்பு சீட்டில் படுகிறதா? அதுதான் சரியான உயரம். அதைவிடத் தாழ்ந்தால் முழங்காலை மடக்கி இறங்க வேண்டும், உயர்ந்தால் ஒரு காலில் முழு எடையையும் போட்டு ஏற வேண்டும். இரண்டாவதுதான் வலியை அதிகமாக்கும். அடுத்து கதவின் கீழ்ப்படி. சீட்டுக்கும் கதவின் வெளிவிளிம்புக்கும் நடுவில் எவ்வளவு அகலம் என்று பாருங்கள். அகலம் கூடினால் சேலை கட்டியவர் காலை அவ்வளவு தூரம் எடுத்து வைக்க வேண்டும், சேலையும் அழுக்காகும். மேலே கைப்பிடி இருக்கிறதா என்பதும் முக்கியம், சில வேரியன்ட்டில் அதை எடுத்துவிடுகிறார்கள். அம்மா ஏறும்போது நீங்கள் கை கொடுக்காதீர்கள். மூன்று முறை அவராகவே ஏறி இறங்கட்டும். முதல் தடவை எல்லோரும் சமாளிப்பார்கள், மூன்றாவது தடவை முகத்தைப் பாருங்கள்.

உட்கார்ந்தபின் தொடைக்கு அடியில் சீட் தாங்குகிறதா, தொடை அந்தரத்தில் நிற்கிறதா? முழங்கால் வலி உள்ளவருக்குக் கால் நீட்டும் இடத்தைவிட இது பெரிது. கால் நீட்ட இடம் எந்த வண்டியில் அதிகம் என்றால், முன்–பின் சக்கர இடைவெளி ஒரு குறிப்பு கொடுக்கும்: நெக்ஸான் 2,498, பிரெஸ்ஸா 2,500, கைலாக் 2,566, 3எக்ஸ்ஓ 2,600 மி.மீ. ஆனால் முன்சீட்டை உங்கள் வீட்டுக்காரர் ஓட்டும் நிலைக்குத் தள்ளி வைத்தபிறகு அம்மாவைப் பின்னால் உட்காரவைத்துப் பார்த்தால்தான் கணக்கு.

குழந்தை சீட்டை ஐசோஃபிக்ஸ் கொக்கியில் மாட்டிப் பாருங்கள். அந்தக் கொக்கி சாதாரணமாகப் பின்சீட்டின் இரண்டு ஓரங்களில்தான் இருக்கும். குழந்தை சீட் ஓரத்தில் உட்கார்ந்துவிட்டால், அம்மாவும் நீங்களும் மீதி இடத்தில் உட்கார முடிகிறதா? நடுவில் இருப்பவருக்கும் தோளைச் சுற்றி வரும் பெல்ட்டும் தலைத் தாங்கியும் இருக்க வேண்டும். வேரியன்ட்டுக்கு வேரியன்ட் இது மாறும், நேரில் இழுத்து மாட்டிப் பாருங்கள்.

ஏசியை எப்படிச் சோதிப்பது என்றும் கேட்டிருக்கிறீர்கள். கண்ணாடி மூடி வண்டியை அரை மணி நேரம் வெயிலில் நிறுத்தச் சொல்லுங்கள். பிறகு ஏறி, பின்சீட்டில் வியர்வை அடங்க எத்தனை நிமிடம் ஆகிறது என்று பார்க்கலாம். பின்னால் ஏசி வென்ட் இருப்பதாலேயே பின்னால் தனி ஏசி இருப்பதாக நினைக்க வேண்டாம். இந்த அளவு வண்டிகளில் முன்னால் குளிர்ந்த காற்றையே குழாய் வழியாகப் பின்னால் தள்ளுகிறார்கள். சிக்னலில் இன்ஜின் தானாக அணையும் வசதி இருந்தால், அணைந்ததும் கம்ப்ரஸரும் நின்று காற்று சூடாகும். அதை அணைக்கும் பட்டன் எங்கே என்று கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

வேளச்சேரி–ஓஎம்ஆர் டிராஃபிக்கில் தினம் இரண்டு மணி நேரம். ஆட்டோமேட்டிக்தான் வேண்டும். ஏஎம்டி, டிசிடி, டார்க் கன்வெர்ட்டர், சிவிடி – தலை சுற்றுகிறது. – வாசகர், சென்னை

நான்கும் பெடல் இரண்டுதான், உள்ளே நடப்பது வேறு.

ஏஎம்டி என்பது சாதாரண மேனுவல் கியர்பாக்ஸ். கிளட்சை அழுத்தி கியர் மாற்றும் வேலையை ஒரு மோட்டார் செய்கிறது. விலை குறைவு, மைலேஜ் மேனுவலுக்கு அருகில். குறை என்னவென்றால் ஒன்றிலிருந்து இரண்டுக்கு மாறும்போது தலை முன்னால் போய் வரும். டெஸ்ட் டிரைவில் ஆக்ஸிலரேட்டரை மெதுவாகவும், ஒரே மிதியாகவும் இரண்டு விதமாக மிதித்துப் பாருங்கள். உங்கள் மிதிக்கு அது ஒத்துவரவில்லையென்றால் பழகும் என்று சமாதானம் செய்துகொள்ளாதீர்கள், தினம் இரண்டு மணி நேரம்.

டிசிடியில் இரண்டு கிளட்ச், ஒற்றைப்படை கியருக்கு ஒன்று, இரட்டைப்படைக்கு ஒன்று. ஓடும்போது வழுக்கிக்கொண்டு போகும். ஆனால் நகர்ந்து நகர்ந்து போகும் டிராஃபிக்கில் கிளட்ச் பாதி பிடித்தும் பிடிக்காமலும் உரசுகிறது, சூடாகிறது. வென்யூ, சோனெட் ஆகியவற்றின் 7 கியர் டிசிடி உலர் வகை. நெக்ஸானில் உள்ளது எண்ணெயில் மூழ்கிய வகை, சூட்டை அதிகம் தாங்கும். உலர் வகை எடுத்தாலும் கெட்டுப் போகாது, ஓட்டும் முறை மாற வேண்டும்: முன்வண்டி ஓரடி நகர்ந்ததும் பின்னாலேயே ஊராமல், ஒரு வண்டி இடைவெளி வந்ததும் ஒரேயடியாக நகர்ந்து நிறுத்துங்கள். மேம்பால ஏற்றத்தில் பிரேக்கை விட்டு ஆக்ஸிலரேட்டரிலேயே வண்டியைப் பிடித்து நிறுத்துவது ஏஎம்டிக்கும் டிசிடிக்கும் சேர்ந்த விஷம்.

டார்க் கன்வெர்ட்டரில் சக்தியைக் கடத்துவது எண்ணெய், உரச கிளட்ச் தட்டு இல்லை. உங்கள் ரூட்டுக்கு எங்கள் ஓட்டு இதற்குத்தான். பிரெஸ்ஸா, 3எக்ஸ்ஓ, கைலாக் மூன்றிலும் 6 கியரில் வருகிறது. மைலேஜில் கொஞ்சம் போகும், அதைப் பொறுத்துக்கொள்ளலாம். சிவிடி (மேக்னைட் டர்போவில் உண்டு) நகருக்குள் வெண்ணெய். திடீரென்று முழுக்க மிதித்தால் முதலில் சத்தம் ஏறும், வேகம் பிறகுதான் வரும்.

இவற்றைச் சோதிக்கச் சென்னையில் மால் பார்க்கிங் சரிவைவிட நல்ல இடமில்லை. ஏற்றத்தின் நடுவில் நிறுத்தி, பிரேக்கிலிருந்து காலை எடுங்கள். ஹில் ஹோல்ட் சுமார் இரண்டு விநாடி பிடிக்கும். அதற்குள் ஆக்ஸிலரேட்டருக்குக் கால் போய்ச் சேர்கிறதா, பின்னால் உருள்கிறதா? பிறகு அதே சரிவில் ரிவர்ஸில் ஏற்றுங்கள். உங்கள் வீட்டு பேஸ்மென்ட் பார்க்கிங்கிலிருந்து ரிவர்ஸில்தான் வெளியே வர வேண்டும் என்றால், கிளட்ச் படும் பாட்டில் அதுதான் உச்சம். கருகிய வாடை வந்தால் ஜன்னலைத் திறந்து முகர்ந்து பாருங்கள், சேல்ஸ்மேன் ‘புது வண்டி அப்படித்தான் சார்’ என்பார்.

மாதம் ஒரு முறை வால்பாறை போய் வருகிறோம். 1.2 லிட்டர் சாதாரண பெட்ரோல் போதுமா? – வாசகர், பொள்ளாச்சி

இரண்டு பேர் போனால் போதும். நான்கு பேர், டிக்கி நிறைய சாமான், ஏசி என்றால் ஆழியாறிலிருந்து 40 கொண்டை ஊசி வளைவிலும் இரண்டாவது கியரிலிருந்து ஒன்றுக்கு இறக்கிக்கொண்டே இருக்க வேண்டியிருக்கும். வென்யூவின் 1.2 இன்ஜின் தருவது 114 என்எம் இழுவிசை. பிரெஸ்ஸாவின் 1.5 பெட்ரோல் 137 என்எம், அதுவும் 4,400 ஆர்பிஎம்மில்தான் முழுதாக வரும். கைலாக்கின் 1 லிட்டர் டர்போ 178 என்எம்மை 1,750 ஆர்பிஎம்மிலேயே எட்டிவிடுகிறது. டீசலில் நெக்ஸான் 260, 3எக்ஸ்ஓ 300. மலையில் பேசுவது குதிரைச் சக்தி அல்ல, கீழ் ஆர்பிஎம்மில் கிடைக்கும் இந்த இழுவிசை.

டர்போ பெட்ரோலிலும் ஒரு பொறி உண்டு. 1,500 ஆர்பிஎம்முக்குக் கீழே போய்விட்டால் டர்போ விழிக்க ஒரு நொடி எடுக்கும். வளைவை விட்டு வெளியே வரும் அந்த நொடியில் மேலிருந்து பஸ் இறங்கிக்கொண்டிருக்கும். மலைக்குப் போகாமலே இதைப் பார்க்கலாம்: நான்கு பேரோடு, ஏசி போட்டு, ஏதாவது ஒரு மேம்பால ஏற்றத்தில் இரண்டாவது கியரில் 15 கி.மீ. வேகத்துக்கு இறங்கி, பாதி மிதியுங்கள். வண்டி இழுக்கத் தொடங்கும்வரை மனசுக்குள் எண்ணுங்கள். ‘ஒன்று’ முடிவதற்குள் கிளம்பினால் சரி. ‘மூன்று’ வரை போனால் அந்த இன்ஜின் உங்கள் வழிக்கு வேண்டாம்.

ஆட்டோமேட்டிக் என்றால் மேனுவல் மோடில் இரண்டாவது கியரைப் போட்டு அப்படியே நிற்கிறதா, தானாக மூன்றுக்குத் தாவுகிறதா என்று பாருங்கள். இறக்கத்தில் பிரேக் சூடாகாமல் காப்பது அதுதான். எஸ்யூவி என்று பெயர் இருந்தாலும் நெக்ஸான், பிரெஸ்ஸா, 3எக்ஸ்ஓ, கைலாக், வென்யூ எல்லாமே முன்சக்கரம் மட்டும் இழுப்பவை. எஸ்டேட் மண் ரோட்டில் ஈரத்தில் ஏற்றலாம் என்று நம்பிவிடாதீர்கள்.

தினம் 12 கி.மீ. மட்டும். மைலேஜுக்காக டீசல் எடுக்கலாமா? – வாசகர், தஞ்சாவூர்

வேண்டாம். பிஎஸ்6 டீசலில் புகைக்கரியைப் பிடிக்கும் வடிகட்டி, டிபிஎஃப், இருக்கிறது. பிடித்த கரியை எரித்துச் சுத்தம் செய்ய, இன்ஜின் நன்றாகச் சூடாகி, நிற்காமல் கால் மணி நேரமாவது ஓட வேண்டும். ஆறு கிலோமீட்டர் போய் நிறுத்தி, ஆறு கிலோமீட்டர் திரும்பினால் அதற்கு வாய்ப்பே கிடைக்காது. விளக்கு எரியும், சர்வீஸ் சென்டர் அலைச்சல் தொடங்கும். வாரம் ஒரு முறை திருச்சி போய் வருவீர்கள் என்றால் கதை வேறு.

ஒரு வேரியன்ட் எக்ஸ்-ஷோரூம் 9.95 லட்சம், அடுத்தது 10.05 லட்சம். பத்தாயிரம்தானே என்று மேலே போகச் சொல்கிறார்கள். – வாசகர், சேலம்

பத்தாயிரம் இல்லை. தமிழ்நாட்டில் ஆயுள்கால சாலை வரி 5 லட்சத்துக்கு மேல் 10 லட்சம் வரை 13 சதவீதம், 10 லட்சத்தைத் தாண்டினால் 20 லட்சம் வரை 18 சதவீதம். 2023 நவம்பரிலிருந்து இந்தக் கணக்குதான். 9.95 லட்சத்துக்கு வரி 1,29,350 ரூபாய். 10.05 லட்சத்துக்கு 1,80,900. வித்தியாசம் மட்டும் 51,550. அதற்கு மேல், 10 லட்சத்தைத் தாண்டும் வண்டிக்கு விற்பவர் உங்களிடம் வசூலித்துக் கட்டும் வரியான டிசிஎஸ் 1 சதவீதம், 10,050 ரூபாய். இது வருமான வரிக் கணக்கில் திரும்பக் கழித்துக்கொள்ளலாம் என்றாலும் இன்று கையிலிருந்து போகும். ஆக உங்கள் ‘பத்தாயிரம்’ ஆன்-ரோடில் 71,600. சீட் கவர், அலாய் வீல், மட் ஃபிளாப் எல்லாவற்றையும் 9.95-க்கே வெளியில் போட்டுக்கொண்டாலும் மிச்சம் இருக்கும்.

ஆன்-ரோடு விலையை வரி, இன்ஷூரன்ஸ், ஆக்சஸரி என்று பிரித்து எழுதித் தரச் சொல்லுங்கள். இன்ஷூரன்ஸை ஷோரூமில்தான் எடுக்க வேண்டும் என்ற கட்டாயம் எதுவும் இல்லை. மூன்றாம் நபர் காப்பீடு மூன்று வருடத்துக்குக் கட்டாயம், சொந்த சேத காப்பீட்டை ஒரு வருடத்துக்கு எடுத்தால் போதும். வெளியில் ஒரு கொட்டேஷன் வாங்கிக்கொண்டு போனால் ஷோரூம் விலை தானாக இறங்கும்.

பிரெஸ்ஸாவுக்கு மட்டும் ஏன் வேறு ஜிஎஸ்டி என்று கேட்டதற்கு: நான்கு மீட்டருக்குள் இருந்தால் மட்டும் போதாது, பெட்ரோல் 1,200 சிசி, டீசல் 1,500 சிசிக்குள்ளும் இருக்க வேண்டும். இருந்தால் 2025 செப்டம்பர் 22 முதல் ஜிஎஸ்டி 18 சதவீதம், இல்லையென்றால் 40. பிரெஸ்ஸா பெட்ரோல் 1,462 சிசி.

எல்லா விளம்பரத்திலும் பாதுகாப்புக்கு ஐந்து நட்சத்திரம். அப்படியென்றால் எல்லாம் ஒன்றுதானா? – வாசகி, நாகர்கோவில்

நட்சத்திரத்துக்குப் பின்னால் மதிப்பெண் இருக்கிறது. பாரத் என்சிஏபி என்ற இந்திய மோதல் சோதனையில் பெரியவர் பாதுகாப்புக்கு மொத்தம் 32, குழந்தைக்கு 49. கைலாக் 30.88, 45. நெக்ஸான் 29.41, 43.83. 3எக்ஸ்ஓ 29.36, 43. மூன்றும் ஐந்து நட்சத்திரம், ஒன்றுக்கொன்று பெரிய தூரமில்லை. இவற்றுக்குள் அரை மதிப்பெண்ணுக்காக மண்டையை உடைத்துக்கொள்ளாதீர்கள். ஆண்டை மட்டும் கவனியுங்கள். 2018-ல் நெக்ஸான் குளோபல் என்சிஏபியில் வாங்கிய ஐந்தும், கடுமையாக்கிய விதிகளில் 2024-ல் வாங்கிய ஐந்தும் ஒரே பரீட்சை அல்ல. முன்பக்க மோதல் சோதனை மணிக்கு 64 கி.மீ. வேகத்தில், பெல்ட் போட்ட பொம்மைகளோடு நடப்பது. பின்சீட்டில் பெல்ட் போடாமல் போகிறவருக்கு அந்த நட்சத்திரத்தில் பங்கில்லை.

சன்ரூஃப்? – வாசகர், கும்பகோணம்

குழந்தைகள் இரண்டு வாரம் எட்டிப் பார்ப்பார்கள், ஓடும்போது அது ஆபத்தும்கூட. நம் வெயிலுக்கு அந்தக் கண்ணாடி வழியே சூடு இறங்கும். உயரமானவர் இருந்தால் சன்ரூஃப் உள்ள வேரியன்ட்டில் தலை முட்டுகிறதா என்று உட்கார்ந்து பாருங்கள், கூரைத் தகடு அதற்காகக் கொஞ்சம் கீழே இறங்கியிருக்கும்.

புக் செய்தாயிற்று. டெலிவரிக்கு முன் என்ன பார்ப்பது? – வாசகர், திருநெல்வேலி

ரிஜிஸ்ட்ரேஷன் போடுவதற்கு முன், பகல் வெளிச்சத்தில், யார்டிலேயே போய்ப் பாருங்கள். நம்பர் ஏறிவிட்டால் அது உங்கள் வண்டி, குறையும் உங்களுடையது. விற்பனைச் சான்றான படிவம் 21-ல் தயாரிப்பு மாதமும் ஆண்டும் இருக்கும். ஜனவரியில் வாங்கும் வண்டி போன வருடத்தின் நடுவில் தயாரானது என்றால் தள்ளுபடி கேட்க உங்களுக்கு உரிமை உண்டு. டயரின் பக்கவாட்டில் நான்கு இலக்க எண் இருக்கும்: 3525 என்றால் 2025-ம் ஆண்டின் 35-வது வாரம். நான்கு டயரும் ஏறக்குறைய ஒரே காலத்தில் வந்தவையா என்று பாருங்கள். ஒன்று மட்டும் வேறு தேதி, வேறு பிராண்ட் என்றால் ஏன் மாற்றினார்கள் என்று கேளுங்கள். டிக்கி தரைப்பலகையைத் தூக்கி ஸ்டெப்னியையும் பாருங்கள், பல வண்டிகளில் அது மற்ற நான்கைவிடச் சின்ன அளவு. ஜாக்கியும் ஸ்பேனரும் அதன் கூடவே இருக்க வேண்டும்.